எம்.எஸ். என்ற நரம்பு நோயில் மூளைக்கும் பங்கு உண்டு. அதற்காகக் குளிசையை நிறுத்தச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

இரண்டு கிழமைக்கு முன் உங்கள் ஞாயிறு மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் பற்றி எழுதுகிறேன். கை கால் விறைப்பு, நடையில் தள்ளாட்டம், கண் மங்கல் போன்ற நரம்பு வருத்தங்களுக்கு வேர் மனக்கவலைதான் என்றும், கவலையை விட்டுத் தியானத்தில் இருந்தால் மருந்தின் தேவையே இருக்காது என்றும் அதில் எழுதியிருந்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக் கொண்டுவந்து என் மகளிடம் கொடுத்தார். நல்ல மனதோடுதான் கொடுத்தார். மகள் அதை நாலாக மடித்துத் தையல் மெசின் லாச்சிக்குள் வைத்துக்கொண்டாள். பொபின் எடுக்க நான் லாச்சியைத் திறந்தபோது அந்தத் துண்டும், அதற்குக் கீழே ஐந்து குளிசையும் கிடந்தன. ஐந்து நாளாக அவள் மருந்து குடிக்கவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் உப்புவெளியில் இருக்கிறேன். முப்பத்தொரு வருடமாகத் தையல்தான் தொழில். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, சேலைச் சட்டை, கலியாண வீட்டு வேலை என்று வருவதை எல்லாம் தைப்பேன். உயர்தரம் வரை உயிரியல் படித்தேன், அதற்கு மேல் நாட்டு நிலைமை விடவில்லை. இங்கே எழுதும் மருத்துவ விஷயங்களை என் தம்பியின் மகன்தான் எனக்குச் சொல்லித் தந்தான். அவன் மருத்துவ பீடத்தில் படிக்கிறான். நான் கேட்டதற்கெல்லாம் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடி எடுத்து, வரி வரியாகத் தமிழில் விளங்கப்படுத்தினான். மகளைப் பார்க்கும் நரம்பியல் நிபுணரிடமும் கிளினிக்குக்கு ஒரு கேள்வி என்று கொப்பியில் எழுதிக்கொண்டு போய்க் கேட்பேன். இப்போது நடப்பது மூன்றாவது கொப்பி.

மகளுக்கு இருப்பது மல்டிப்பிள் ஸ்கிளிரோசிஸ். எம்.எஸ். என்று சுருக்கிச் சொல்வார்கள். நம்மைக் காக்க வேண்டிய நிர்ப்பீடனத் தொகுதி, மூளையிலும் முண்ணாணிலும் நரம்பு நார்களைச் சுற்றியிருக்கும் மயலின் கவசத்தை வெளியாள் என்று எண்ணித் தாக்குகிறது. தாக்கிய இடம் தழும்பாகிறது. தழும்பு விழுந்த இடத்தைப் பொறுத்துக் கண்ணோ காலோ சலப்பையோ பிழைக்கிறது.

முதலில் பிழைத்தது கண். 2017ஆம் ஆண்டு, நவராத்திரிக்குக் கொஞ்சம் முன். கும்பத்துக்குச் சிவப்புச் சட்டை தைக்கத் தந்திருந்தார்கள், ஒரே வீட்டுக்கு ஏழு சட்டை. மகளுக்கு அப்போது இருபத்து நாலு வயது. நூல் பெட்டியைக் கிண்டிக்கொண்டிருந்தவள், "அம்மா, இந்தச் சிவப்பு வெளிறிப் போச்சு, கடையில குடுத்து மாத்துங்கோ" என்றாள். நான் வாங்கிப் பார்த்தேன். நூலில் ஒரு பிழையும் இல்லை, நல்ல இரத்தச் சிவப்பு. திருப்பி அவள் கையில் கொடுத்தேன். வலது கண்ணைப் பொத்தினாள். "இப்ப சரி" என்றாள். கையை மாற்றி இடது கண்ணைப் பொத்தினாள். "இப்ப செங்கல் தூள் மாதிரிக் கிடக்கு" என்றாள். கண்ணை உருட்டினால் உள்ளுக்குள் நோகிறது என்றும் சொன்னாள். இரண்டு இரவு முழித்துத் தைத்த களை என்று நினைத்து, முருங்கை இலை சுண்டிக் கொடுத்து வேளைக்குப் படுக்கச் சொன்னேன். பார்வை நரம்பு அழலும்போது சிவப்பு நிறம்தான் முதலில் மங்கும், கண் வைத்தியர்கள் சிவப்பு மூடி ஒன்றைக் காட்டி இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்பதெல்லாம் ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆறு கிழமையில் பார்வை தானாகத் திரும்பிவிட்டது. நாங்களும் மறந்துவிட்டோம்.

அடுத்த மாசியில் இரண்டு காலும் விறைத்தன. தலையைக் குனிந்தால் பிடரியிலிருந்து குதிக்கால் வரை கரண்ட் அடிப்பது போல ஓடுகிறது என்றாள். அந்த மாதம் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். "பிள்ளைக்கு மாப்பிள்ளையைப் பிடிக்கேல்லை, அதுதான் கால் வரேல்லை" என்று சொந்தக்காரர் முடிவு கட்டினார்கள். நாங்கள் போய்ப் பார்த்த ஒரு வைத்தியரும் முழங்காலைச் சுத்தியலால் தட்டிவிட்டு, கவலைப்படுகிற சுபாவம் என்று சொல்லி நித்திரைக் குளிசை எழுதித் தந்தார்.

என் மாமியார் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குக் கூட்டிப்போகச் சொன்னார். வாதத்துக்கு வெந்நீர் நல்லது என்பது இங்கே எல்லா வீட்டிலும் சொல்வதுதான். ஏழு கிணற்றுக்கும் ஏழு விதச் சூடு. நானே வாளியால் அள்ளி அவள் தலையில் ஊற்றினேன். பத்து வாளிக்கு மேல் ஊற்றியிருப்பேன். எழும்பியவள் என் தோளை இறுக்கிப் பிடித்தாள். "அம்மா, கண் தெரியேல்லை" என்றாள். கால் இரண்டும் துணி போல மடிந்தன. இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வந்திருந்த ஒரு குடும்பத்தார்தான் ஓடிவந்து தூக்கி ஓட்டோவில் ஏற்றிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து ஈரத் துவாயோடு ஃபானுக்குக் கீழே கிடத்தினேன். ஒரு மணித்தியாலத்தில் கண்ணும் திரும்பியது, காலும் திரும்பியது. அதுதான் அவளுக்கு வினையாகிப் போனது. "வந்து வந்து போற வருத்தம் எண்டால் அது மன வருத்தம்தானே?" என்று கேட்டார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் அந்த எண்ணம் வந்தது. பெற்ற பிள்ளையைச் சந்தேகித்தேன்.

1890இலேயே ஜேர்மனியில் வில்ஹெல்ம் ஊட்டோஃப் என்ற கண் மருத்துவர் இதை எழுதி வைத்திருக்கிறார். உடலை வருத்தி வேலை செய்த எம்.எஸ். நோயாளிகளுக்குப் பார்வை மங்கி, ஓய்ந்த பிறகு திரும்பி வருவதை அவர் கவனித்தார். இதற்குக் காரணம் உடற்சூடு என்பது பிற்பாடு தெளிவானது. கவசம் தேய்ந்த நரம்பு, உடம்பின் சூடு அரைப் பாகை ஏறினாலே செய்தி கடத்தத் தவறும். சூடு இறங்கினால் பழையபடி கடத்தும். ஸ்கான் வசதி இல்லாத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் இருத்திப் பார்த்துத்தான் இந்த நோயை நிச்சயப்படுத்தினார்களாம். கன்னியாவில் நான் தெரியாமல் செய்ததும் அந்தப் பரிசோதனைதான். கன்னியாத் தண்ணீரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கணவரின் அந்தியேட்டியையும் அங்கேதான் செய்தேன். ஆனால் கால் விறைக்கிற, கண் மங்குகிற பிள்ளைகளைச் சுகமாகும் என்று நம்பி அங்கே கொண்டுபோகாதீர்கள்.

அப்புறம் கொழும்புக்கு இரவு ரயிலில் போய் எம்.ஆர்.ஐ. ஸ்கான் எடுத்தோம். மூளையிலும் கழுத்து முண்ணாணிலும் வெள்ளைப் பொட்டுகள். பெயர் தெரிந்த அன்று மகள் அழவில்லை. "அப்ப நான் நடிக்கேல்லைத்தானே அம்மா" என்றுதான் கேட்டாள்.

வார்டில் வைத்து மெத்தில் பிரெட்னிசலோன் என்ற மருந்தை நாளுக்கு ஒரு கிராம் வீதம் சேலைனோடு ஏற்றினார்கள். ஏறும்போது வாய் முழுக்க இரும்புக் கசப்பு, துருப்பிடித்த ஆணியைச் சப்பினது போல என்பாள். இந்த மருந்துக்கு அது வழமைதான் என்றார் தாதி. இரண்டாம் முறை நோய் கிளம்பி வார்டுக்குப் போனபோது ஒரு விஷயம் நடந்தது. வாசலில் டெட்டோல் மணம் மூக்கில் பட்டதுமே வாய் கசக்கிறது என்றாள். இன்னும் ஊசி குத்தவில்லை, கட்டில்கூடத் தரவில்லை. நான் சிரித்துவிட்டேன். தம்பி மகன் சிரிக்கவில்லை. "மாமி, இது பெரிய விஷயம்" என்று தொடங்கி எனக்கு எலிக் கதை சொன்னான்.

1975இல் அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் ரொபேர்ட் ஏடரும் நிக்கலஸ் கோகனும் எலிகளுக்குச் சக்கரின் கலந்த இனிப்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு, நிர்ப்பீடனத்தை அடக்கும் சைக்ளோபொஸ்பமைட் என்ற மருந்தை ஏற்றினார்கள். பிறகு மருந்தை விட்டுவிட்டு இனிப்புத் தண்ணீரை மட்டும் கொடுத்தார்கள். அப்போதும் எலிகளின் நிர்ப்பீடனம் அடங்கியது. நாக்கில் பட்ட சுவையை மூளை நினைவில் வைத்து, மருந்து இல்லாமலே மருந்தின் வேலையில் ஒரு பங்கைச் செய்திருக்கிறது. இதையே மனிதரிலும் பார்த்திருக்கிறார்கள், அதுவும் எம்.எஸ். நோயாளிகளில். சோம்பு மணமுள்ள ஒரு பாகைக் குடிக்கக் கொடுத்து அதே மருந்தை ஏற்றினார்கள். பிறகு பாகோடு மிக மிகச் சிறிய அளவு மருந்து மட்டும் கொடுத்தபோது, பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு வெண்குருதிக் கலங்கள் குறைந்தன. 1996இல் வெளிவந்த ஆய்வு அது.

இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் வந்தது. மூளைதான் இதையெல்லாம் செய்கிறது என்றால் ஊர் சொன்னது சரியாகிவிடும் அல்லவா? அந்தப் பேச்சிலிருந்து பிள்ளையை மீட்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "நிப்பாட்டு தம்பி" என்று எழும்பிப் போய்விட்டேன். இரண்டு மாதம் அந்தக் கதையை வீட்டில் எடுக்கவே விடவில்லை. ஆசிரியர் ஐயா, உங்கள் கட்டுரையாளரில் கோபிக்கும் நான், மனதுக்கும் இந்த நோய்க்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள். அதுவும் பிழைதான் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது.

விளங்க வைத்தது இன்னொரு எலிக் கதை. லூயிஸ் என்று ஒரு இன எலி. அதற்கு எம்.எஸ். போன்ற ஒரு நோயை ஆய்வுகூடத்தில் உண்டாக்குவார்கள். பின்னங்கால் இரண்டும் இழுத்துவிடும். ஆனால் கொஞ்ச நாளில் எலி தானாக எழும்பி நடக்கும். எப்படி? 1989இல் ஒக்ஸ்போர்டில் செய்த ஆய்வில், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அதிரினல் சுரப்பியை முதலிலேயே எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். அந்த எலிகள் எழும்பவில்லை, செத்துப்போயின. சுரப்பி சுரக்க வேண்டிய ஓமோனை வெளியிலிருந்து அதே அளவில் கொடுத்தபோது பிழைத்தன. அந்தச் சுரப்பிக்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதை உயர்தரத்தில் நானே மனப்பாடம் செய்திருக்கிறேன். மூளையில் பரிவகக்கீழ் (ஹைப்போதலமஸ்) என்ற பகுதி, அதன் கீழே கபச்சுரப்பி, அங்கிருந்து அதிரினல். உடம்பில் அழற்சி மூண்டால் மூளை அதை அறிந்து, ஓமோனைச் சுரக்க வைத்து அணைக்கிறது. மகளுக்கு வார்டில் ஏற்றினது என்ன மருந்து? அந்த ஓமோனின் இனத்தைச் சேர்ந்ததுதான், அளவு மட்டும் மிகப் பெரிது. மூளை தன் அளவில் செய்யும் வேலையை வைத்தியர்கள் பெரிய அளவில் செய்கிறார்கள் என்று கொப்பியில் எழுதிவைத்தேன். அன்றைக்குத்தான் என் கோபம் இறங்கியது.

சரி, கவலைக்கு வருகிறேன்.

2019 மார்கழியில் என் கணவர் மாரடைப்பில் போனார். அந்தியேட்டி முடிந்து ஒன்பதாம் நாள் மகளுக்கு வலது கை வரவில்லை. கத்தரிக்கோலைப் பிடித்தாள், அது விரலுக்குள்ளிருந்து நழுவி நிலத்தில் விழுந்தது. "தகப்பனை நினைச்சு நினைச்சு வருத்தத்தை இழுத்துக்கொண்டாள்" என்று அவள் காதுபடவே சொன்னார்கள். நிபுணரிடம் நான் நேராகவே கேட்டேன், துக்கத்தால் வந்ததா என்று. அவர் என்னைத் திருப்பிக் கேட்டார். "அம்மா, செத்தவீட்டுக்குப் பிறகு பிள்ளைக்குத் தடிமல் காய்ச்சல் ஏதும் வந்ததா?" வந்தது. நாலு நாள் கிடந்தாள். சளிக் காய்ச்சலுக்குப் பிறகும் இந்த நோய் கிளம்புவது கூடும் என்றார். "நூறு பேரை வைத்துச் சொல்லலாம். ஒருத்தியைப் பார்த்து, உனக்கு இதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. சொல்லவும் கூடாது." இந்த வசனத்தை நான் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

நூறு பேரை வைத்துச் சொன்னவையும் இருக்கின்றன. 1868இல் பாரிஸில் இந்த நோயை முதலில் ஒழுங்காக விவரித்த ஷார்க்கோ என்ற மருத்துவர், நீண்ட துக்கமும் மனக்கசப்பும் இதில் சேர்வதாகக் குறிப்பிட்டிருக்கிறார். 2004இல் 14 ஆய்வுகளை ஒன்றாக்கிப் பார்த்தவர்கள், மன உளைச்சலான சம்பவங்களுக்குப் பிறகு நோய் கிளம்பும் வாய்ப்புக் கூடுகிறது என்று கண்டார்கள். ஆனால் அது நேர்கோடு இல்லை. 1991 வளைகுடாப் போரில் இஸ்ரேலில் ஏவுகணை விழுந்துகொண்டிருந்தபோது அங்கிருந்த 32 எம்.எஸ். நோயாளிகளைக் கவனித்திருக்கிறார்கள். அந்த நாட்களிலும் அதற்கடுத்த இரண்டு மாதத்திலும் நோய் கிளம்புவது குறைந்திருந்தது. அதே நாட்டின் வடக்கில் 2006இல் 33 நாள் நடந்த லெபனான் போரின்போது 156 நோயாளிகளைக் கவனித்தார்கள். அங்கே நோய் கிளம்புவது கூடியிருந்தது.

அந்த 2006 ஆடியும் ஆவணியும் நமக்கும் தெரிந்த போர்க்கால ஆடி ஆவணிதான். மாவிலாற்றுக் கதவு பூட்டினதும், மூதூர்ச் சனம் கந்தளாய்க்கு நடந்ததும் அப்போதுதான். என் சித்தப்பா குடும்பம் எங்கள் முன் விறாந்தையில் நாற்பது நாள் இருந்தது. பதினொரு பேருக்கு ஒரு கக்கூஸ். செல் சத்தம் கேட்கக் கேட்க இருந்த அந்த நாட்களில் ஒருவருக்கும் தும்மல்கூட வரவில்லை. அவர்கள் வீடு திரும்பிய கிழமை முழுக் குடும்பமும் காய்ச்சலில் பாயில் விழுந்தது. இது ஆய்வு இல்லை, நான் கண்டது. அபாயம் வந்த உடனே சுரக்கும் ஓமோன் அழற்சியை அடக்கும் என்றும், உளைச்சல் மாதக்கணக்கில் நீண்டால் நிர்ப்பீடனக் கலங்கள் அந்த ஓமோனின் சொல்லைக் கேட்பது குறையும் என்றும் தம்பி மகன் சொன்னபோது, எனக்கு அந்த விறாந்தைதான் நினைவுக்கு வந்தது. இவ்வளவு நுணுக்கமான ஒன்றை "கவலையால் வருவது" என்று இரண்டு சொல்லில் எழுதிவிடலாமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், என் தொழிலோடு சேர்ந்ததால். எனக்கு இன்னும் கால் மெசின்தான். ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் மிதிப்பேன் என்று கணக்கில்லை. 2012இல் யப்பானின் ஒசாக்காவில் மசாக்கி முராக்காமியின் குழு, எம்.எஸ். போன்ற நோயை உண்டாக்கிய எலிகளில் ஒரு கேள்வி கேட்டது. மூளைக்கும் முண்ணாணுக்கும் போகும் குருதிக்குழாய்கள் இறுக்கமான மதில் போன்றவை. தாக்கும் கலங்கள் அந்த மதிலை எந்த இடத்தில் தாண்டுகின்றன? இடுப்புப் பகுதியில் ஐந்தாம் முள்ளந்தண்டு மட்டத்தில் என்று கண்டார்கள். ஏன் அங்கே? கெண்டைக்காலின் உள்ளே ஒரு தசை இருக்கிறது. உடம்பு நிலத்தில் நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு கணமும் அது வேலை செய்கிறது. அந்தத் தசையிலிருந்து போகும் நரம்புச் செய்தி, சுற்றி வந்து அந்த மட்டத்துக் குருதிக்குழாயில் தாக்கும் கலங்களைக் கூப்பிடும் இரசாயனத்தைக் கூட்டுகிறது, அங்கே கதவு திறக்கிறது. எலியை வாலில் தூக்கிப் பின்னங்கால் நிலத்தில் படாமல் வைத்தபோது அந்தக் கதவில் கூட்டம் குறைந்தது. தம்பி மகன் இதை வாசித்தபோது என் கால் மிதியில் இருந்தது. அப்படியே நிறுத்திவிட்டேன். "மாமி, நீங்கள் மிதியுங்கோ, இது எலிக்கு. மச்சாளும் நடக்கத்தான் வேணும், நடக்காமல் விட்டால்தான் கெடுதல்" என்றான். கவலை, துக்கம் ஒன்றும் இதில் இல்லை, ஒரு தசை அசைந்ததுதான். நரம்புத் தொகுதி நிர்ப்பீடனத்தின் கதவைத் திறப்பதற்கும் பூட்டுவதற்கும் மனம் நொந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. உங்கள் கட்டுரையாளர் மூளை என்றதும் கவலை என்று எழுதிவிட்டார். மூளைக்கும் நரம்புக்கும் நாம் அறியாமலே ஓடும் வேலை ஆயிரம் இருக்கிறது.

நோயின் வேர் எது என்று கேட்டால், 2022இல் வந்த ஒரு ஆய்வைச் சொல்ல வேண்டும். அமெரிக்கப் படையில் இருந்த ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளையும், சேமித்து வைத்திருந்த குருதியையும் வைத்து ஹார்வர்ட் ஆய்வாளர்கள் செய்தது. எப்ஸ்டீன் பார் என்ற வைரசு தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் வாய்ப்பு 32 மடங்கு கூடியிருந்தது. அந்த வைரசு வளர்ந்தவர்களில் அநேகமாக எல்லாரிடமும் இருக்கிறது, எனக்கும் உங்களுக்கும் இருக்கும். பரம்பரையும் இன்னும் சிலவும் சேர்ந்து சிலருக்கு மட்டும் நோயாகிறது. சம்பந்தம் பேசியதால் ஒரு பிள்ளைக்கு மயலின் கரைவதில்லை.

மனதை அமைதியாக வைத்திருப்பது வீண் என்று நான் சொல்ல வரவில்லை. 2012இல் அமெரிக்காவில் 121 எம்.எஸ். நோயாளிகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு உளைச்சலைச் சமாளிக்கும் பயிற்சியை 24 கிழமை கொடுத்தார்கள். பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 77 பேருக்கு அந்தக் காலத்தில் மூளையில் புதிய அழற்சிப் பொட்டு வரவில்லை. மற்றப் பிரிவில் அது 55 பேர். ஸ்கானில் தெரியும் அளவுக்குப் பலன். இதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கியது. ஆனால் பயிற்சி முடிந்த பிறகு அந்தப் பலன் நிலைக்கவில்லை. அதனால்தான் அந்தப் பயிற்சியை மருந்துக்குப் பதில் என்று ஒருவரும் சொல்லவில்லை.

நாங்கள் வீட்டில் செய்வது இவ்வளவுதான். விடிய ஐந்தரைக்கு, வெயில் ஏற முன், மகளும் நானும் கடற்கரையில் நடப்போம். நடந்து முடிய அவள் கடலில் கொஞ்ச நேரம் இருப்பாள், அந்த நேரத்துத் தண்ணீர் குளிர்ச்சி. பகல் பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் அவளை அடுப்படிக்கு விடுவதில்லை. கழுத்தில் ஈரத் துவாய். ஒன்பதரைக்குப் படுக்கை. கலியாணக் காலத்தில் ஓடர் கூடினால் நான் வெளியே கொடுத்துத் தைப்பிப்பேன், அவளை முழிக்க விடமாட்டேன். வெள்ளிக்கிழமை பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய் ஒரு மணித்தியாலம் சும்மா இருந்துவிட்டு வருவாள். அதைத் தியானம் என்றாலும் சரி, பிரார்த்தனை என்றாலும் சரி. வீட்டுக்கு வந்ததும் குளிசை. பூசையும் குளிசையும் ஒன்றோடொன்று சண்டை பிடித்ததில்லை, உங்கள் பக்கத்தில் அந்தக் கட்டுரை வரும் வரை.

அந்த ஐந்து நாளைப் பற்றி நான் அவளைக் கேட்டேன். அவள் சொன்னது இது. "அம்மா, கட்டுரையில சொன்ன மாதிரி நான் சந்தோஷமா இருந்து பாத்தன். மூண்டாம் நாள் கை விறைச்ச மாதிரி இருந்துது. அப்ப நான் ஒழுங்கா சந்தோஷப்படேல்லை எண்டு நினைச்சன்." ஐயா, ஒரு பிள்ளை தான் சரியாகச் சந்தோஷப்படவில்லை என்று தன்னையே குற்றம் சொல்கிறது. நோயின் பாரத்தோடு இந்தப் பாரமும் அவளுக்கு எதற்கு?

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. அதே பக்கத்தில், அதே இடத்தில், ஒரு திருத்தம் போடுங்கள். மருத்துவர் சொல்லாமல் நரம்பு நோய்க்கான மருந்தை ஒருவரும் நிறுத்தக் கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள். இடம் இருந்தால் இதையும் சேர்த்துப் போடுங்கள்: ஒரு கண்ணுக்குச் சிவப்பு வெளிறித் தெரிந்தால், கண்ணை உருட்ட நொந்தால், குனியும்போது முதுகால் கரண்ட் ஓடினால், விறைப்போ தள்ளாட்டமோ 24 மணித்தியாலத்துக்கு மேல் நின்றால், வீட்டிலே வைத்துக்கொண்டிராமல் நரம்பியல் நிபுணரிடம் காட்ட வேண்டும். இந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூட வருவது, அதிலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள். நமது ஊரில் அந்த வயதுப் பெண் எதைச் சொன்னாலும் கலியாணத்தோடு முடிச்சுப் போடுகிறோம். அப்படி முடிச்சுப் போட்டு நான் ஏழு மாதம் இழந்தேன். மூளையும் நிர்ப்பீடனமும் பேசிக்கொள்வதைப் பற்றி உங்கள் பக்கத்தில் எழுதுங்கள், நன்றாக எழுதுங்கள், வாசிக்க நாங்கள் இருக்கிறோம். நரம்பியல் படித்த ஒருவரைக் கொண்டு எழுதுவியுங்கள்.

மகள் நிபுணரோடு போனில் கதைத்து, அவர் சொன்ன விதத்தில் மருந்தை மறுபடி தொடங்கிவிட்டாள். கை விறைப்பு இரண்டு நாளில் விட்டது. கத்தரித்த அந்தத் துண்டை நான் கிழிக்கவில்லை. திருத்தம் வந்தால் இரண்டையும் ஒன்றாக வைத்து ஊசி குத்த வேண்டும் என்று லாச்சிக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரி,
உப்புவெளி, திருகோணமலை.

(பெயரைப் போட வேண்டாம். மகள் இன்னும் இந்த ஊரில்தான் நடக்க வேண்டும்.)